கப்பூதுப் பெட்டியின் இரைச்சல்

கரவெட்டிக்குத் தெற்கே, கப்பூது வெளி தொடங்கும் இடத்தில் கடைசி வீடு சிவகௌரியுடையது. வீட்டுத் தண்ணீர்த்தாங்கியோடு சேர்த்து இருபதடிக் குழாய் ஒன்று நட்டிருக்கிறது. குழாயின் உச்சியில் நாலு திசைக்கும் நாலு அன்ரனா, மீன் முள்ளைப் போல. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இன்னும் உந்தப் பழைய ரீவி அன்ரனாவோ வைச்சிருக்கிறியள்?" இதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே சிவகௌரிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

விளக்கம் பெரிய வித்தை இல்லை. மாரியில் வடக்கே இருந்து கப்பூதுக்கு வரும் பறவைகள் சிலவற்றின் முதுகில் பட்டாணியளவு றேடியோச் சில்லு ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அது சில விநாடிக்கு ஒருமுறை நாலு தட்டுத் தட்டும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒவ்வொரு சில்லுக்கும் வேறு. அதுதான் அந்தப் பறவையின் பெயர். அன்ரனா கேட்கும், கீழே உள்ள பெட்டி எழுதிவைக்கும். வேறு நாட்டில் இருக்கிற இன்னொரு பெட்டி அதே பறவையைக் கேட்டால் இரண்டையும் சேர்த்து அது போன வழியைக் கண்டுபிடிப்பார்கள். இதைப் பக்கத்து வளவு இராசாத்தி அக்காவுக்கு மட்டும் அவள் ஏழு தரம் சொல்லியிருக்கிறாள். ஏழாவது தரமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இராசாத்தி அக்கா, "அப்ப உதிலை நாடகம் ஒண்டும் வராதோ?" என்றாள்.

சிவகௌரி பிறந்தது சண்டிலிப்பாயில். ஏ.எல். வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்தாள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், நூறு பேர் சமைத்துத் தின்று சண்டை பிடிக்கிற இடத்தில் இருந்து படித்துச் சோதனை எழுதினாள். சில புள்ளிகளால் கம்பஸ் அனுமதி தவறியது. அந்தச் சில புள்ளிகளை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. போத்தல் கழுவுவது, தவளை தேடிக் கொடுப்பது, ரீச்சர்மாரின் பரிசோதனை பிழைத்தால் பேச்சு வாங்குவது. இருபத்தைந்து வருடமாக அதுதான்.

கலியாணம் செய்து வந்தது கரவெட்டிக்கு. புருசன் சுதாகரன் பருத்தித்துறை–யாழ்ப்பாணம் பஸ் ஓட்டுகிறவர். விடிய நாலரைக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. மகள் கொழும்பில் படிக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் சிவகௌரியும் மாமியார் சிவக்கொழுந்துவும்தான். கறியில் உப்புக் குறைந்தாலும் சரி, மழை பிந்தினாலும் சரி, மாமியார் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "சண்டிலிப்பாய்க்காரி." இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளாவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைக்க சிவகௌரியால் முடியவில்லை. இவளும் லேசுப்பட்டவள் இல்லை. கடைசி இரண்டு வருடம் கிழவிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் தெருப் படலை வரை கேட்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் போன வருடம் தை மாதம் ஆரணி வந்தாள். பறவை ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. உயரமான கூரை ஒன்று தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவளை சிவகௌரி அப்படியே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மாசியில் ஒரு விடியற்காலை கப்பூது வெளியில் வலை போட்டு மூன்று உப்புக்கொத்திப் பறவைகளைப் பிடித்தார்கள். ஒன்றை ஆரணி சிவகௌரியின் கையில் தந்து, "இறுக்காதேங்கோ அக்கா, ஆனா விடவும் வேண்டாம்" என்றாள். அறுபது கிராம் கூட இல்லாத உடம்பு. அதற்குள் இதயம் அடிக்கிற வேகம் அவளுடைய விரல்களில் தெரிந்தது. சில்லைக் கட்டி முடித்ததும் இலக்கத்தை அவளே எழுதினாள்: முப்பத்தொன்று.

ஒரு மாதம் கழித்து ஆரணி அனுப்பிய பட்டியலில் நிலையங்களின் பெயர்கள் இருந்தன. எத்தனையோ நாட்டுப் பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி: "கப்பூது. பொறுப்பாளர்: சு. சிவகௌரி." அதை அவள் அச்செடுத்து ஆய்வுகூட அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். வெளிப்பக்கத்தில் ஒட்ட வெட்கம். தவறிப்போன அந்தச் சில புள்ளிகளுக்கு யாரோ பிந்திப்போய் ஒரு பதில் அனுப்பியது போல இருந்தது அவளுக்கு.

சித்திரையில் முப்பத்தொன்று வடக்கே போய்விட்டது. ஆவணியில் மாமியார் செத்துப்போனார். புரட்டாதியில் பறவைகள் திரும்பி வரத் தொடங்கியபோது பெட்டிக்குப் பைத்தியம் பிடித்தது.

"அக்கா, உங்கடை பெட்டி ஒரே நாளிலை நாப்பது பறவை வந்ததெண்டு எழுதியிருக்கு" என்று ஆரணி போன் எடுத்தாள். "அதிலை பாதி கனடாவிலை நிக்கவேண்டிய குருவியள்."

"கனடாக் குருவி கப்பூதுக்கு ஏன் வருது?"

"வரேல்லை அக்கா. உது இரைச்சல். பக்கத்திலை ஏதோ கரண்டுச் சாமான் கண்டபடி தட்டுது. அந்தத் தட்டிலை தற்செயலா ஒண்டு ரெண்டு குருவியின்ரை பேர் மாதிரி விழும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையான குருவி தட்டினாலும் இந்தச் சத்தத்துக்குள்ளை கேக்காது."

தொல்லை அன்றைக்குத் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதம் போனதே தவிர பெட்டியில் ஒரு சுத்தமான நாள் இல்லை. தை பிறந்ததும் ஆரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். திட்டத்தில் பெட்டிகள் குறைவு, இரைச்சல் தீராவிட்டால் சித்திரை வருசப்பிறப்பு முடிந்ததும் கப்பூதுப் பெட்டியைக் கழற்றி மன்னாருக்குக் கொண்டுபோவார்கள். முப்பத்தொன்றின் பற்றரியும் இந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். அது கப்பூதுக்குத் திரும்பி வந்ததா என்பதை இப்போது எழுதாவிட்டால் பிறகு யாரும் எழுதப்போவதில்லை.

சிவகௌரிக்கு நித்திரை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடையோடு வெளியில் போய் நின்று, தூரக்கண்ணாடியால் ஒவ்வொரு உப்புக்கொத்தியாகப் பார்த்தாள். ஒருநாள் சேற்றில் ஓடிய ஒன்றின் வாலுக்குப் பின்னால் மயிரளவு கம்பி ஒன்று தெரிந்தது. சில்லின் கம்பி! அவள் கத்திக் குழறிவிட்டாள். ஆனால் மூன்றில் அது எது? கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குத்தான் தெரியும், பெட்டியோ செவிடு.

கரண்ட் போகும் நேரங்களில் இரைச்சல் நின்றுவிடுவதை அவள் கவனித்தாள். பெட்டி சூரியத் தகட்டில் ஓடுவதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த நேரத்தில் பொய்க் குருவி ஒன்றும் விழாது. ஆகவே குற்றவாளி அயலில்தான். ஆரணி ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்: சின்ன றேடியோவில் நிலையம் ஒன்றும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு நடக்கவேண்டும், எங்கே கொரகொரப்புக் கூடுகிறதோ அங்கே ஆள் பிடிபடும்.

அவள் நடந்தாள். காதோடு றேடியோவை அணைத்துக்கொண்டு மதில் மதிலாக, வேலி வேலியாக நடந்தாள். சுதாகரனின் மனுசிக்கு மூளை தட்டிவிட்டது என்று சந்தியில் கதைத்தார்கள். முதலில் தம்பிஐயாவின் வெங்காயத் தோட்டத்து மோட்டரில் சந்தேகம். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் இப்ப வெங்காயத்துக்குத் தண்ணி விடுறதோ, உம்மடை குருவிக்கு வழி விடுறதோ? நீரே சொல்லும் பிள்ளை."

ஆனாலும் நல்ல மனிதர். ஒரு பின்னேரம் மோட்டரை நிறுத்திவைத்துப் பார்த்தார். இரைச்சல் குறையவில்லை. அடுத்தது இராசாத்தி அக்கா வீட்டுக் கலர் பல்புகள். நவராத்திரிக்குக் கட்டி, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு வரை கழற்றாத பல்புகளைச் சடங்கு நடக்கிற அன்றைக்கே, சபைக்கு நடுவில் போய், ஒரு அரைமணித்தியாலம் அணைக்கமுடியுமா என்று கேட்டாள் சிவகௌரி. பல்பும் அணைந்தது, இராசாத்தி அக்காவின் முகமும் அணைந்தது. இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இராசாத்தி அக்கா இவளோடு கதைக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கிக்காரனோடும் ஒரு சண்டை. யாரிடம் கேட்டாலும் சிரித்தார்கள், அல்லது கோபித்தார்கள். ஒருவராவது "அந்தக் குருவி வந்திட்டுதோ?" என்று கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பங்குனி நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் மழையோடு ஒரு மின்னல். வீட்டு மெயின் சுவிச் விழுந்துவிட்டது. சுதாகரன் வேலையால் வந்து அதைத் தூக்கிப் போடும்வரை மூன்று மணித்தியாலம் வீடு இருட்டு. இராசாத்தி அக்கா வீட்டிலும் தெருவிலும் வெளிச்சம் இருந்தது. மறுநாள் பெட்டியில் இருந்ததைக் கணினியில் இறக்கிப் பார்த்தாள் சிவகௌரி. அந்த மூன்று மணித்தியாலமும் ஒரு கனடாக் குருவி கூட இல்லை. துடைத்துவிட்டது போல இருந்தது.

அயலுக்கெல்லாம் கரண்ட் இருந்தது. தன் வீட்டில் மட்டும்தான் இல்லை.

அவள் றேடியோவை எடுத்தாள். ஒவ்வொரு தரமும் றேடியோவை வீட்டுக்குள் போட்டு, அதன் கொரகொரப்பைக் கேட்டு, "இதுக்கு மேலை போனால்தான் கள்ளன்" என்று அளவு வைத்துக்கொண்டல்லவா அவள் வெளியே இறங்கினாள்! பழைய றேடியோ, சும்மாவே அப்படித்தான் இரையும் என்று நினைத்திருந்தாள். இப்போது அறை அறையாக நடந்தாள். குசினி அடுப்படியில் குறைந்தது. சாமியறைக்குக் கிட்டப் போகப் போகக் கூடியது. சாமிப் படங்களைத் தாண்டி, மாமியாரின் படத்துக்கு முன்னால் போனதும் றேடியோ அலறியது.

படத்தில் சிவக்கொழுந்து மாமி அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சுடர் மாதிரியே துடித்துத் துடித்து எரிகிற மின்விளக்கு. சுதாகரனின் தம்பி குகதாசன் கனடாவிலிருந்து அனுப்பியது. தாயின் செத்தவீட்டுக்கு வரமுடியாத கவலையில், ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் வரை அணையாமல் எரியவேண்டும் என்று அனுப்பினான். அந்த நாட்டுக் கரண்ட் வேறு என்பதால் சுதாகரன் நெல்லியடியில் ஒரு கரண்ட் குறைக்கிற பெட்டி வாங்கிப் பூட்டியிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்த கையோடு ஏற்றிய விளக்கு. அதாவது புரட்டாதியில். அதாவது பெட்டிக்குப் பைத்தியம் பிடித்த அதே கிழமையில்.

சிவகௌரி விளக்கின் சுவிச்சை அணைத்தாள். றேடியோ அடங்கியது. போட்டாள், அலறியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனேயே அழுகை வந்தது. ஆறு மாதம்! ஊர் முழுக்கச் சண்டை பிடித்துத் திரிந்தாளே, அவ்வளவு காலமும் கிழவி வீட்டுக்குள் இருந்துகொண்டு தன் மருமகளின் காதுக்குள் இரைந்திருக்கிறார்.

அன்றிரவு சாப்பாட்டில் கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, மாமியின்ரை விளக்கை நிப்பாட்டோணும்."

சுதாகரன் புட்டில் வைத்த கையை எடுத்தார். "உமக்கு விசரே? ஆட்டை முடியுமட்டும் அணையவிடமாட்டம் எண்டு ஐயருக்கு முன்னாலை சொல்லி ஏத்தினது. தம்பி கிழமைக்கு ஒருக்கா வீடியோவிலை பாக்கிறவன்."

"அந்தக் கரண்ட் குறைக்கிற பெட்டியாலைதான் இரைச்சல். பின்னேரமே வேறை ஒண்டு வாங்கிப் பூட்டிப் பாத்திட்டன், அது இன்னும் மோசம்."

"அப்ப?"

"எண்ணெய் விளக்கு வைப்பம்."

"ஆர் எண்ணெய் விடுறது?" சுதாகரன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. "உந்தக் கப்பூதுக் காத்துக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திரி பாக்கோணும். நான் விடியப் போறன், இரவு வாறன். நீர் பாப்பீரோ? அம்மா இருக்கேக்கை அவவுக்கு ஒரு தேத்தண்ணியைச் சத்தம் போடாமல் வைக்க உம்மாலை ஏலேல்லை."

பொய் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. உண்மையென்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "பாப்பன்" என்றாள்.

பார்த்தாள். விடிய ஐந்தரைக்கு ஒருதரம், பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ஒருதரம். இடைவேளை மணி அடித்ததும் ஸ்கூட்டியில் பறந்துவந்து ஒருதரம். பின்னேரம், பொழுதுபட, படுக்குமுன், நடுச்சாமத்தில் எழும்பி. நல்லெண்ணெய் வாங்கி, திரி திரித்து, காற்றுக்குப் பழைய கலண்டர் மட்டையை நிமிர்த்தி மறைப்புக் கட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் மாமியாருக்கு இவ்வளவு பணிவிடை அவள் செய்ததில்லை. ஒவ்வொரு தரமும் எண்ணெய் விடும்போது படம் அவளைப் பார்த்தது. "பாக்காதேங்கோ மாமி, உங்களுக்காக இல்லை" என்று முதல் நாள் வாய்விட்டே சொன்னாள்.

ஊருக்கு அது தெரியுமா? இடைவேளைக்கு இவள் பறந்துவருவதை வேலிக்கு மேலால் பார்த்த இராசாத்தி அக்கா ஒருநாள் கண் கலங்கக் கேற்றடிக்கு வந்தாள்.

"நான் உன்னைப் பிழையாய் நினைச்சிட்டன் கௌரி. பெத்த மகள்கூட இப்பிடிச் செய்யாள்."

குகதாசன் கனடாவிலிருந்து வீடியோவில் வந்து, "அண்ணி, உங்கடை மனம் ஆருக்கும் வராது" என்று விம்மினான். சிவகௌரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவும் அறுபது கிராம் குருவி ஒன்றுக்காக என்று யாரிடம் சொல்வது? நல்ல மருமகள் என்ற பட்டம் இருபத்திரண்டு வருடம் வராமல் இருந்துவிட்டு, உரிமையில்லாத நேரத்தில் வந்து கழுத்தில் விழுந்தது. அது அவளுக்குப் பழைய ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது.

பெட்டி சுத்தமாகிவிட்டது. ஆனால் சுத்தமான பெட்டியில் ஒன்றும் விழவில்லை. நிலத்தில் நிற்கும்போது சத்தம் தாழ்வாகப் போகும், பனைகளும் மறைக்கும், உயர எழும்பினால்தான் கேட்கும் என்று ஆரணி சொன்னாள். ஐந்து நாள், பத்து நாள். பங்குனி முடியப்போனது. வெளியில் தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் குறைந்தன. ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய் விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்ப்பாள். வெறுமை. முன்பு பொய்யாகவாவது நாற்பது குருவி இருந்தன.

சித்திரை வருசத்துக்கு நாலு நாள் முன்னால், விடுமுறை தொடங்கிய அன்று காலை, கணினியில் வரிகள் இருந்தன. முதல் வரி முதல்நாள் பின்னேரம் ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. முதலில் தெற்கு அன்ரனா, பிறகு கிழக்கு, கடைசியாக வடக்கு. ஒரே கதியில் நாலு தட்டு, நாலு தட்டு, நாலு தட்டு. பதினாலு நிமிடம். பிறகு ஒன்றுமில்லை. இலக்கம் முப்பத்தொன்று.

அவள் ஆரணிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா!" மறுபக்கத்தில் ஆரணி கத்தியே விட்டாள். "திரும்பி வந்திருக்கு அக்கா. அதே இடத்துக்கு. இது போதும், பெட்டியை ஒருத்தரும் கழட்டமாட்டினம்."

"இது வந்ததில்லைப் பிள்ளை, போனது" என்றாள் சிவகௌரி. "வடக்கு அன்ரனாவோடை முடிஞ்சிருக்கு, பார். புரட்டாதியிலை இருந்து என்ரை வீட்டுக்கு முன்னாலை நிண்டிருக்கு. ஏழு மாதம். எங்கடை பெட்டி கேட்டது பதினாலு நிமிசம்."

ஆரணி ஏதோ ஆறுதல் சொன்னாள். பதினாலு நிமிடமே பெரிய காரியம், எத்தனை நிலையங்களுக்கு அதுகூட இல்லை என்றாள். சிவகௌரிக்கு அது விளங்காமல் இல்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டு அதே இடத்தில் இருந்து நன்றாக அழுதாள். கோபத்தில்தான் அழுதாள்.

அன்றைக்கு சுதாகரனுக்கும் லீவு. சத்தம் கேட்டு வந்தவர் கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"குருவி போயிட்டுதோ?"

"ஓம். போயிட்டுது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இனி ஊருக்கு மறைத்து என்ன பயன் என்று தோன்றியது. "நான் உங்கடை அம்மாவுக்காக எண்ணெய் விடேல்லை. இதுக்காகத்தான் விட்டனான். உங்கடை தம்பிக்கும் சொல்லுங்கோ, இராசாத்தி அக்காவுக்கும் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாதே?" என்றார் சுதாகரன். "விளக்கு வைச்ச முதல் நாள் இரவு நான் வரேக்கை நீர் படத்தோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டீர். கேட்டனான்." கணினியை இன்னொருதரம் பார்த்தார். "குருவிதான் போயிட்டுதே. இனி அந்தக் கரண்ட் விளக்கைப் போடவோ? ஆட்டைக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேலை கிடக்கு."

சிவகௌரி கணக்குப் பார்த்தாள். புரட்டாதியில் வேறு பறவைகள் வரும், அவற்றுக்கும் சில்லுகள் இருக்கும். அதற்கு முன்னால் ஆவணியில் ஆட்டை முடிந்துவிடும், விளக்கையே எடுத்துவிடலாம். அதுவரை பெட்டிக்குக் கேட்பதற்கு இங்கே ஒரு குருவியும் இல்லை. கரண்ட் விளக்கைப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை, அவளுக்கும் இடைவேளைக்கு ஓடிவரத் தேவையில்லை. கணக்கு நேரானதுதான்.

"வேண்டாம்" என்றாள். "கிடக்கட்டும்."

எழும்பிச் சாமியறைக்குப் போனாள். திரி கருகிக்கொண்டிருந்தது. அதைத் தூண்டிவிட்டு, போத்தலைச் சரித்து, சத்தம் வராமல் எண்ணெய் விட்டாள்.